எழுத்தரின் பேனா இட்ட பெயர்: இத்தாலியின் அரிய குடும்பப்பெயர்களும் பெயருக்கான உரிமையும்

1875ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள். கைவிடப்பட்ட குழந்தைகளை நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஏற்று வளர்த்துவந்த காப்பகம் ஒன்று இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் இருந்தது. இன்னொச்சென்தி காப்பகம் என்பது அதன் பெயர். பெற்றோர் தம் முகத்தைக் காட்டாமலேயே குழந்தையை விட்டுச் செல்லும் முறைக்கு அக்காப்பகம் அன்றிரவுடன் முற்றுப்புள்ளி வைத்தது. அந்த வழியாகக் கடைசியாக வந்துசேர்ந்த இரு குழந்தைகளுக்கும் காப்பகமே பெயரிட்டது. பெண் குழந்தையின் பெயர் லவுதாத்தா கியூசூரி. ஆண் குழந்தையின் பெயர் உல்த்திமோ லஷாத்தி. ‘லவுதாத்தா’ என்றால் போற்றப்பட்டவள். ‘கியூசூரி’ என்பது மூடுதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஆக்கப்பட்டது. ‘உல்த்திமோ’ என்றால் கடைசி. ‘லஷாத்தி’ என்றால் விடப்பட்டவர்கள்.

ஒரு நிர்வாக முடிவைப் பற்றிய குறிப்பு இரண்டு மனிதர்களின் பெயராயிற்று. அவர்கள் பள்ளியில், பணியிடத்தில், திருமணப் பதிவேட்டில், கல்லறையில் சுமக்க வேண்டியிருந்த சொற்கள் இவை. இப்பெயர்களை எழுதியவருக்குத் தீய நோக்கம் இருந்திருக்கும் என்று கருத இடமில்லை. ஒரு வரலாற்று நாளைப் பதிவுசெய்வதாகவே அவர் எண்ணியிருக்கக்கூடும். ஆயினும் ‘கடைசியாக விடப்பட்டவன்’ என்று அழைக்கப்பட்ட குழந்தையை அவர் கேட்கவில்லை, கேட்கவும் இயலாது.

அரிதான ஓர் இத்தாலியக் குடும்பப்பெயரைக் காணும்போது மூன்று கேள்விகள் எழுவது இயல்பு. அது எங்கிருந்து வந்தது? அதன் பொருள் என்ன? எத்தனை பேருக்கு அது உண்டு? இம்மூன்று கேள்விகளுக்கும் பின்னால் நான்காவது கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தப் பெயரை எழுதும் அதிகாரம் யாரிடம் இருந்தது? இத்தாலியின் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு இடப்பட்ட பெயர்களைப் பொறுத்தவரை, இந்த நான்காவது கேள்விக்கு விடை காணாமல் முதல் மூன்றுக்கும் விடை கூற முடியாது.

குடும்பப்பெயர் என்னும் ஏற்பாடு

தமிழர் வழக்கில் தந்தையின் பெயர் முன்னெழுத்தாக நிற்கிறது. அடுத்த தலைமுறையில் அது மாறிவிடுகிறது. இத்தாலியின் குடும்பப்பெயர் அப்படிப்பட்டதன்று. அது தலைமுறை தலைமுறையாக மாறாமல் இறங்கி வருவது. ஒருமுறை பதிவேட்டில் ஏறிவிட்டால், சட்டத்தின் அனுமதியின்றி அதை உதறிவிட முடியாது. கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1563ஆம் ஆண்டில் நிறைவுற்றபின், பங்குக் கோயில்களில் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளைப் பேணுவது கடமையாயிற்று. அதுவரை நெகிழ்ச்சியாக வழங்கிவந்த குடும்பப்பெயர்கள் நிலைபெற இப்பதிவேடுகள் பெரிதும் காரணமாயின.

பெரும்பாலான இத்தாலியக் குடும்பப்பெயர்கள் நான்கு ஊற்றுகளிலிருந்து வந்தவை. ‘தி பியெத்ரோ’ என்பது பியெத்ரோவின் மகனைக் குறித்தது. இது தந்தை வழிப் பெயர். ‘ரொமானோ’ ரோமைச் சேர்ந்தவரைக் குறித்தது, இது ஊர்ப்பெயர். ‘ஃபெர்ராரி’ இரும்புக் கொல்லரைக் குறித்தது, இது தொழிற்பெயர். இத்தாலியில் மிகுதியாக வழங்கும் ‘ரொஸ்ஸி’ சிவந்த முடியோ சிவந்த மேனியோ உடையவரைக் குறித்தது. இது தோற்றத்தால் அமைந்த பெயர். இந்நான்கிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஒருவரை அறிந்த அண்டை அயலார், அவரை அடையாளம் காண்பதற்காக வழங்கிய பெயர்கள் அவை.

ஐந்தாவது ஊற்று ஒன்றும் உண்டு. அங்கே பெயரிடுபவர் குழந்தையின் உறவினரல்லர், அண்டை வீட்டாருமல்லர். அவர் காப்பகத்தின் எழுத்தர். பின்னாளில் அரசின் பிறப்புப் பதிவு அலுவலர். பெயரால் குறிக்கப்பட்டது குழந்தையின் பண்பன்று, அது வந்துசேர்ந்த விதம்.

காப்பகத்தின் முத்திரை

புளோரன்ஸின் இன்னொச்சென்தி காப்பகத்தை நிறுவியது அந்நகரின் பட்டு வணிகர் சங்கம். சிற்பியும் கட்டடக் கலைஞருமான புருனெல்லெஸ்கியின் வடிவமைப்பில் 1419இல் கட்டுமானம் தொடங்கியது. முதல் குழந்தை 1445 பிப்ரவரி 5ஆம் நாள் வந்துசேர்ந்தது. அன்று புனித அகத்தாவின் திருநாள். ஆகவே அக்குழந்தை அகாத்தா ஸ்மெரால்தா என்று பெயர்பெற்றது. ‘இன்னொச்சென்தி’ என்றால் மாசற்றவர்கள். ஏரோது மன்னனால் கொல்லப்பட்டதாக விவிலியம் கூறும் குழந்தைகளை நினைவுகூரும் சொல் அது. அக்காப்பகத்தில் வளர்ந்த பலருக்கு ‘இன்னொச்சென்தி’, ‘தெலி இன்னொச்சென்தி’ ஆகியவையே குடும்பப்பெயர்களாயின. இரண்டாவதன் பொருள் ‘மாசற்றவர்களைச் சேர்ந்தவர்’ என்பது.

நேப்பிள்ஸ் நகரின் அன்னுன்சியாத்தா இல்லத்தில் வழங்கிய பெயர் ‘எஸ்பொசித்தோ’. வெளியே வைக்கப்பட்டவர் என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது. அந்த இல்லத்தின் சுவரில் சுழற்பெட்டி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. தெருவில் நிற்பவர் குழந்தையை அதில் வைத்துச் சுழற்றினால் அது கட்டடத்தின் உட்புறம் வந்துவிடும். வைத்தவரை உள்ளிருப்பவரும், எடுத்தவரை வெளியிலிருப்பவரும் காண முடியாது. உள்ளே வந்த குழந்தையின் கழுத்தில் ஈய முத்திரை ஒன்று கட்டப்பட்டது. முத்திரை என்றாவது கழற்றப்படும். ‘எஸ்பொசித்தோ’ கழற்ற முடியாத முத்திரையாக நின்றது.

ரோமிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் ‘புரொயெத்தி’ வழங்கியது. எறியப்பட்டவர் என்னும் லத்தீன் சொல்லே அதன் வேர். சியென்னாவில் சாந்தா மரியா தெல்லா ஸ்காலா மருத்துவமனையின் பெயரிலிருந்து ‘தெல்லா ஸ்காலா’ கிடைத்தது. மிலானின் பெரிய மருத்துவமனைக்குப் புறா சின்னமாக இருந்தது. புறாவுக்கு இத்தாலியில் ‘கொலொம்பா’ என்று பெயர். ஆகவே அங்கு ஏற்கப்பட்ட குழந்தைகள் ‘கொலொம்போ’ ஆயினர். பொலோஞ்ஞா பகுதியில் ‘தெலி எஸ்போஸ்தி’, சிசிலியில் கண்டெடுக்கப்பட்டவர் என்னும் பொருளில் ‘த்ரொவாத்தோ’ என்று இப்பட்டியல் நீள்கிறது.

இத்தாலியில் இன்று மிகுதியாக வழங்கும் பத்துக் குடும்பப்பெயர்களைப் பட்டியலிடுவோர், எஸ்பொசித்தோவையும் கொலொம்போவையும் அதில் சேர்க்கின்றனர். கைவிடப்பட்ட குழந்தைகளின் வரலாறு சமூகத்தின் ஓரத்தில் நிகழ்ந்த ஒன்றன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஏன் இத்தனை குழந்தைகள்?

கைவிடுதல் என்ற சொல் தாயின் மீது பழி சுமத்துகிறது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் இத்தாலியில் ஆண்டுதோறும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைவிடப்பட்டார்கள் என்றால், அதைத் தனிமனிதரின் நெஞ்சக் கடுமையால் விளக்கிவிட முடியாது. மதிப்பு என்ற பெயரில் குடும்பமும் திருச்சபையும் செலுத்திய அழுத்தம் ஒருபுறம். வறுமை மறுபுறம். மிலானில் அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிறந்த குழந்தைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் காப்பகத்துக்குச் சென்றனர். அவர்களுள் பெருந்தொகையினர் முறையாக மணம்புரிந்த ஏழைத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள். தாய் வேலைக்குச் செல்லாவிட்டால் உணவில்லை என்ற நிலையில், சில ஆண்டுகள் கழித்து மீட்டுக்கொள்ளும் எண்ணத்தோடு குழந்தையை விட்டவர்கள் அவர்கள்.

அந்த எண்ணத்துக்குச் சான்றுகள் இருக்கின்றன. புளோரன்ஸ் காப்பகத்தின் அருங்காட்சியகத்தில், குழந்தைகளோடு விடப்பட்ட அடையாளப் பொருள்கள் சிறு இழுப்பறைகளில் வைக்கப்பட்டுள்ளன. இரண்டாக வெட்டிய பதக்கத்தின் ஒரு பாதி, நாணயத்தின் ஒரு பாதி, கயிற்றில் கோத்த மணி. மறுபாதி தாயிடம் இருந்தது. இரு பாதிகளும் பொருந்தினால் குழந்தை மீண்டும் தாயைச் சேரும். காப்பகத்திடம் இன்றும் எஞ்சியிருக்கும் பாதிகள், மறுபாதி திரும்பி வராத குழந்தைகளுக்கு உரியவை.

சட்டத்தின் பங்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். தந்தை யார் என்ற விசாரணையை நெப்போலியனின் குடிமைச் சட்டம் தடைசெய்தது. ஒன்றுபட்ட இத்தாலியின் 1865ஆம் ஆண்டுக் குடிமைச் சட்டம் அத்தடையைப் பின்பற்றியது. பெண்ணைக் கடத்திச் சென்ற வழக்கிலும் வன்கொடுமை வழக்கிலும் மட்டுமே விலக்கு உண்டு. தாய் யார் என்று கண்டறியும் விசாரணைக்கோ அதே சட்டம் இடமளித்தது. தந்தையின் பெயரைச் சட்டம் மறைத்துக் காத்தது. பிள்ளையின் பெயரில் அதன் பிறப்பு வெளிப்படையாக எழுதப்பட்டது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அந்தப் பெயரின் உண்மையான பொருள் அகராதியில் இல்லை என்பது விளங்கும்.

ஒரு தடையும் அதன் எதிர்பாராத விளைவும்

நெப்போலியனின் மைத்துனரான ஜோவாக்கிம் முரா 1808 முதல் 1815 வரை நேப்பிள்ஸை ஆண்டார். கைவிடப்பட்ட குழந்தைகள் அனைவருக்கும் ‘எஸ்பொசித்தோ’ என்ற ஒரே பெயரை இடும் வழக்கம் அவர் ஆட்சியில் நிறுத்தப்பட்டது. மிலானிலும் பின்னர் ‘கொலொம்போ’ என்று எல்லோருக்கும் எழுதுவது கைவிடப்பட்டது. பெயரைக் கேட்டவுடனேயே பிறப்பு வெளிப்படுவது அநீதி என்று ஆட்சியாளர்கள் ஒப்புக்கொண்டதன் அடையாளமாக இவற்றைக் கொள்ளலாம்.

ஆனால் பொதுப்பெயரைத் தடைசெய்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் புதிய குடும்பப்பெயர் ஒன்றைப் படைக்க வேண்டும். அந்த வேலை மீண்டும் எழுத்தரின் மேசைக்கே வந்தது. தென் இத்தாலியில் 1809 முதல் அரசுப் பிறப்புப் பதிவேடுகள் எழுதப்பட்டன. சிற்றூர்களில் சுழற்பெட்டியைக் காத்து நின்ற பெண், குழந்தையை எடுத்துக்கொண்டு பதிவு அலுவலர் முன் செல்வாள். குழந்தையின் தோராயமான வயது, உடலில் உள்ள அடையாளம், சுற்றியிருந்த துணியின் நிறம், உடனிருந்த பொருள் ஆகியவை பதிவாகும். பெற்றோர் பெயருக்கான இடம் வெறுமையாக நிற்கும். இறுதியில் ஒரு பெயரும் குடும்பப்பெயரும் எழுதப்படும்.

நாளொன்றுக்குப் பல குழந்தைகள் வரும்போது, எழுத்தர் தம் கண்முன் இருந்தவற்றிலிருந்தே பெயர்களை எடுத்தார். மாதம், கிழமை, அன்றைய புனிதர், குழந்தை கிடந்த தெரு, செடிகொடி, வானிலை என எதுவும் குடும்பப்பெயராகலாம். சில காப்பகங்கள், குறிப்பிட்ட காலத்தில் வந்த குழந்தைகளுக்கெல்லாம் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களை வரிசையாக இட்டன. கோப்புகளைத் தேடுவதற்கு அது எளிது. வேறு எவருக்கும் இல்லாத பெயராக இருக்க வேண்டும் என்பதற்காக, இருக்கும் சொல்லின் ஈற்றை மாற்றியோ அசைகளைச் சேர்த்தோ புதுச்சொற்களும் ஆக்கப்பட்டன.

அரிய குடும்பப்பெயர்கள் பலவற்றின் பிறப்பிடம் இதுதான். பொதுவான முத்திரையை ஒழிக்கப் புகுந்த சீர்திருத்தம், தனித்தனி முத்திரைகளைத் தோற்றுவித்தது. ‘எஸ்பொசித்தோ’ என்ற பெயருடையவர் ஆயிரக்கணக்கானோருள் ஒருவராக நிற்க முடிந்தது. ஊரில் வேறெவருக்கும் இல்லாத விந்தையான பெயருடைய சிறுவனோ தனித்தே நின்றான். பெயர் எதையும் வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும், அதன் தனிமையே அவன் எங்கிருந்து வந்தவன் என்பதை ஊராருக்குச் சொல்லிவிட்டது.

ஒரு பெயர் ஏன் அரிதாகிறது?

குடும்பப்பெயரின் எண்ணிக்கையைப் பலர் அதன் தொன்மையோடு அல்லது மேன்மையோடு தொடர்புபடுத்துகின்றனர். இரண்டும் பிழை. எண்ணிக்கைக்கு எளிய காரணங்கள் உண்டு.

முதலாவது, தொடக்கம். ‘ஃபெர்ராரி’ போன்ற பெயர் ஒவ்வோர் ஊரிலும் இருந்த கொல்லர்களிடமிருந்து தனித்தனியே தோன்றியது. எழுத்தர் படைத்த பெயரோ ஒரே ஒரு குழந்தையிடமிருந்து தொடங்கியது. இரண்டாவது, இறப்பு. காப்பகக் குழந்தைகளுக்குப் பாலூட்டும் தாய்மார் போதவில்லை. நோய்கள் விரைந்து பரவின. பெருந்தொகையான குழந்தைகள் முதல் ஆண்டைக் கடக்கவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பப்பெயர்கள் சில நாள்களோ வாரங்களோ மட்டுமே வாழ்ந்து, பதிவேட்டிலேயே முடிந்துபோயின.

மூன்றாவது, தந்தை வழி. இத்தாலியப் பெண் திருமணத்துக்குப் பின்னும் சட்டப்படித் தன் குடும்பப்பெயரை இழப்பதில்லை. ஆயினும் அவளுடைய பிள்ளைகள் கணவனின் பெயரையே பெற்றனர். ஆகவே திருமணமாகிப் பிள்ளைகள் பெற்ற பெண்ணுக்கு இடப்பட்ட பெயர் அவளோடு முடிந்தது. ஆண் பிள்ளைக்கு மகன் பிறந்தால் மட்டுமே அடுத்த தலைமுறை உண்டு. ஒரே ஓர் ஆணிடமிருந்து தொடங்கும் குடும்பப்பெயர் சில தலைமுறைகளில் அற்றுப்போவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதை, பிரான்சிஸ் கால்ட்டனும் ஹென்றி வாட்சனும் 1874லேயே கணக்கிட முயன்றனர். அவர்களுடைய அக்கறை மேட்டுக்குடிப் பெயர்களின் மறைவைப் பற்றியது. அதே கணக்கு அனாதைக் குழந்தையின் பெயருக்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும்.

நான்காவது, இடம். குழந்தைகள் நகரக் காப்பகத்திலிருந்து சிற்றூர்களில் இருந்த பாலூட்டும் தாய்மாரிடம் அனுப்பப்பட்டனர். உயிர்பிழைத்தோருள் பலர் அங்கேயே உழவர் குடும்பங்களில் வளர்ந்து உழைத்தனர். அரிய குடும்பப்பெயர் ஒன்று, அது தோன்றிய நகரை விட்டு மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் மட்டும் காணப்படுவதற்கு இது ஒரு காரணமாகலாம்.

இத்தாலியில் வழங்கும் குடும்பப்பெயர்கள் பல இலட்சம் எனக் கணக்கிடப்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை மிகச் சிலருக்கே உரியவை. எமிதியோ தெ ஃபெலீச்சே 1978இல் வெளியிட்ட அகராதியும், கஃபரெல்லி, மர்க்காத்தோ இருவரும் 2008இல் வெளியிட்ட பெருந்தொகுப்பும் இத்துறையின் அடிப்படை நூல்கள். அரசு ஆவணக் காப்பகங்களின் பிறப்பு, திருமணப் பதிவேடுகளை ‘அந்தெனாத்தி’ என்னும் இணையதளத்தில் கட்டணமின்றிக் காணலாம். ஒரு பெயர் ஒரே ஊரில் மட்டும் வழங்கி, அதன் முதல் பதிவில் பெற்றோர் பெயர் இல்லாதிருந்தால், அது இடப்பட்ட பெயர் என்று கொள்வதற்கு வலுவான சான்று உண்டு.

சொல்லை மட்டும் நம்பலாகாது

பொருளை மட்டும் கொண்டு முடிவுக்கு வருவது தவறான தீர்ப்புக்கு இட்டுச்செல்லும். கொலம்பஸ் என்று நாம் அறிந்த கடலோடியின் குடும்பப்பெயரும் கொலொம்போதான். அவர் மிலானின் காப்பகக் குழந்தையல்லர். ஜெனோவா நகர நெசவாளர் ஒருவரின் மகன். புறாவைக் குறிக்கும் அச்சொல் இடைக்காலத்தில் ஆட்பெயராகவும் வழங்கியது. ‘இன்னொச்சென்தி’யும் அப்படியே; ‘இன்னொச்சென்தே’ என்ற ஆட்பெயரிலிருந்து அது சில இடங்களில் தோன்றியிருக்கலாம். ‘கடவுள் உன்னை வளர்க்கட்டும்’ என்னும் பொருளுடைய ‘தியொத்தல்லேவி’, அனாதைக் குழந்தைக்கு இட்டதுபோல ஒலிக்கிறது. ஆனால் தம் சொந்தப் பிள்ளைக்குப் பெற்றோர் வாழ்த்தாக இட்ட இடைக்காலப் பெயர் வகையைச் சேர்ந்தது அது. ஆகவே ஒருவரின் பெயரை வைத்து அவருடைய முன்னோரின் பிறப்பை ஊகிப்பது அறிவியலுமன்று, அறமுமன்று.

எதிர்த்திசையில் செல்லும் பிழையும் உண்டு. எந்தக் குடும்பப்பெயரைக் கொடுத்தாலும் அதற்கொரு குலச்சின்னமும் வீரப் பரம்பரையும் அச்சிட்டு விற்கும் வணிகம் உலகெங்கும் நடக்கிறது. பெயர் அரிதாக இருந்தால், அது அழிந்துபோன உயர்குடி ஒன்றின் எச்சம் என்று நம்ப விரும்புவோர் பலர். அந்த அரிய பெயரின் முதல் உரிமையாளர், சுழற்பெட்டியில் துணி சுற்றிக் கிடந்த குழந்தையாக இருக்கக்கூடும். அப்படியிருந்தால் அதில் வெட்கப்பட ஏதுமில்லை. இறந்துபோன பல ஆயிரம் குழந்தைகளுக்கு நடுவே உயிர்பிழைத்து, தனக்கென்று ஒரு குடும்பத்தைத் தானே தொடங்கிய மனிதரின் பெயர் அது. பிறப்பில் உயர்வைத் தேடும் மனம்தான் பிறப்பில் இழிவையும் காண்கிறது. ஒன்றை ஏற்றுக்கொண்டு மற்றொன்றை மட்டும் எதிர்க்க இயலாது.

சட்டம் நடந்த தூரம்

சுழற்பெட்டியை முதலில் மூடியது ஃபெர்ராரா நகரம், ஆண்டு 1867. நாடு முழுவதும் அது சட்டப்படி ஒழிய 1923 வரை ஆயிற்று. ஆனால் பெயரிலும் ஆவணத்திலும் அதன் நிழல் நீடித்தது. பெற்றோர் அறியப்படாதவரின் சான்றிதழ்களில் ‘என். என்.’ என்ற இரண்டு எழுத்துகள் இடப்பட்டன. ‘பெயர் அறியேன்’ என்னும் லத்தீன் தொடரின் சுருக்கம் அது. வேலைக்கு மனுச் செய்தாலும், மணம்புரியச் சென்றாலும் அவ்விரண்டு எழுத்துகள் முன்னே சென்று நின்றன.

போருக்குப் பின் எழுந்த குடியரசில் இதற்கு எதிராகக் குரலெழுப்பியோருள் முதன்மையானவர் லீனா மெர்லின். அரசமைப்பு அவையில் இடம்பெற்ற 21 பெண்களுள் ஒருவர் அவர். சமத்துவத்தைக் கூறும் 3ஆம் பிரிவில் பாலின வேறுபாடு கூடாது என்ற சொல் இடம்பெற உழைத்தவரும் அவரே. அதே 3ஆம் பிரிவு, தனிப்பட்ட நிலையாலோ சமூக நிலையாலோ வேறுபாடு காட்டலாகாது என்றும் கூறுகிறது. 1955 அக்டோபர் 31ஆம் நாளிட்ட 1064ஆம் எண் சட்டம், பொதுப் பயன்பாட்டுச் சான்றிதழ்களிலிருந்து பெற்றோர் விவரத்தை நீக்கியது. அதோடு அந்த இரண்டு எழுத்துகளும் மறைந்தன.

இத்தாலிய அரசமைப்பின் 22ஆம் பிரிவு தனித்துக் குறிப்பிடத்தக்கது. அரசியல் காரணங்களுக்காக எவருடைய சட்டத்தகுதியையும், குடியுரிமையையும், பெயரையும் பறிக்கலாகாது என்பது அதன் சாரம். குடியுரிமைக்கு இணையாகப் பெயரை வைத்ததற்குக் காரணம் உண்டு. பாசிச ஆட்சி 1926 முதல், எல்லைப்புற மாநிலங்களில் வாழ்ந்த ஜெர்மன், சுலோவேனிய, குரோவாசிய மக்களின் குடும்பப்பெயர்களை இத்தாலிய வடிவத்துக்கு மாற்றியது. பெயரைப் பறிப்பது மனிதரைப் பறிப்பதன் தொடக்கம் என்பதை அரசமைப்பை எழுதியவர்கள் தம் காலத்திலேயே கண்டிருந்தனர். 1994இல் வழங்கிய 13ஆம் எண் தீர்ப்பில் அரசமைப்பு நீதிமன்றம், பெயர் என்பது ஒருவரின் தனி அடையாளத்துக்கான உரிமையின் பகுதி என்று நிலைநாட்டியது.

இன்று பிறப்புப் பதிவை நெறிப்படுத்துவது 2000ஆம் ஆண்டின் 396ஆம் எண் ஆணை. பெற்றோர் அறியப்படாத குழந்தைக்கு இன்றும் பதிவு அலுவலரே பெயரும் குடும்பப்பெயரும் இடுகிறார். ஆனால் அந்த ஆணையின் 34ஆம் பிரிவு அவர் பேனாவுக்கு எல்லை வகுக்கிறது. நகைப்புக்கோ இழிவுக்கோ உரிய பெயரை எந்தக் குழந்தைக்கும் இடலாகாது. பெற்றோர் அறியப்படாத குழந்தைக்கு, அதன் பிறப்பு நிலையை உணர்த்தும் பெயரையும் குடும்பப்பெயரையும் இடலாகாது. ஏற்கெனவே அத்தகைய பெயரைச் சுமப்பவர், அதை மாற்றித் தருமாறு மாவட்ட ஆட்சித் தலைமையிடம் மனுச் செய்ய 89ஆம் பிரிவு வழிசெய்கிறது.

34ஆம் பிரிவில் இன்னொரு தொடரும் உண்டு. வரலாற்றுச் சிறப்புடைய குடும்பப்பெயரையோ, அப்பகுதியில் நன்கு அறியப்பட்ட குடும்பங்களுக்குரிய பெயரையோ இக்குழந்தைகளுக்கு இடலாகாது. ஒரு வழக்கறிஞர் இங்கே சற்று நிற்க வேண்டும். பொய்யான உறவுக் கோரிக்கைகளைத் தவிர்க்க இத்தடை தேவை என்று வாதிடலாம். அந்த வாதத்தில் உண்மையும் உண்டு. ஆனால் பிரிவின் முதற்பகுதி குழந்தையை இழிவிலிருந்து காக்கிறது என்றால், இப்பகுதி புகழ்பெற்ற குடும்பங்களைக் குழந்தையிடமிருந்து காக்கிறது. ஊருக்குள் கரைந்துபோகும் பெயரைத் தேட வேண்டும். ஊரின் பெரிய வீட்டுப் பெயரைத் தொடக்கூடாது. முத்திரையை அழித்த சட்டத்திலும் அந்தஸ்தின் வேலி ஒன்று எஞ்சியிருக்கிறது.

பிற வேலிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. தந்தை யார் என்பதை எந்தச் சான்றாலும் மெய்ப்பிக்கலாம் என்று 1975ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டச் சீர்திருத்தம் கூறியது. 2012ஆம் ஆண்டின் 219ஆம் எண் சட்டத்துக்குப் பின், குடிமைச் சட்டத்தின் 315ஆம் பிரிவு ஒரே வரியில் நிற்கிறது: பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே சட்டநிலை. தந்தையின் குடும்பப்பெயரே தானாகப் பிள்ளைக்கு இறங்கும் என்ற விதியை அரசமைப்பு நீதிமன்றம் 2022ஆம் ஆண்டின் 131ஆம் எண் தீர்ப்பில் செல்லாததாக்கியது. இருவரும் வேறுவிதமாக உடன்படாவிட்டால், தாய் தந்தை இருவர் பெயரும் பிள்ளைக்கு உரியவை. ஒரு பெண்ணின் குடும்பப்பெயர் அவளோடு முடிய வேண்டியதில்லை என்பதும் அத்தீர்ப்பின் பொருள்.

இன்னும் தீராத வழக்கு ஒன்று, தம் தோற்றத்தை அறிய விரும்பும் பிள்ளைக்கும், பெயர் வெளியிடாமல் பிரசவிக்கும் தாய்க்கும் இடையிலானது. தாயின் இரகசியத்தைக் காக்கும் உரிமையை இத்தாலியச் சட்டம் ஏற்கிறது. சுழற்பெட்டிக்கு ஈடாக, உயிருக்கு ஆபத்தின்றி மருத்துவமனையில் பிரசவிக்க அது வழிவிடுகிறது. ஆனால் அந்த இரகசியம் எந்நாளும் மறுபரிசீலனைக்கு உட்படாது என்பது ஏற்கத்தக்கதன்று என 2012இல் கொதெல்லி வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கூறியது. அடுத்த ஆண்டே இத்தாலிய அரசமைப்பு நீதிமன்றம், நீதிபதி தாயிடம் கமுக்கமாக அவர் விருப்பத்தைக் கேட்பதற்கு வழிதிறந்தது. இரண்டு பாதிப் பதக்கங்களைப் பொருத்திப் பார்க்கும் பழைய வழக்கத்தின் இன்றைய வடிவம் அது. இம்முறை இருவருடைய விருப்பமும் கேட்கப்படுகிறது.

பெயர் எதைச் சொல்ல வேண்டும்?

பெயரைக் கேட்டவுடன் அதற்குள் பிறப்பைத் தேடும் கண்களை இப்பக்கத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இத்தாலியின் வரலாறு தரும் பாடம், முத்திரையை மாற்றுவதும் முத்திரையை ஒழிப்பதும் ஒன்றல்ல என்பதே. ‘எஸ்பொசித்தோ’வைத் தடைசெய்த அரசு, பெயரிடும் அதிகாரத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு வேறு பெயர்களைப் படைத்தது. பெயரின் பின்னால் இருந்த சமமின்மை தொடர்ந்ததால் முத்திரையும் தொடர்ந்தது. பிள்ளைகளுக்கிடையே வேறுபாடில்லை என்று சட்டம் அறிவிப்பதற்கு இன்னும் இரு நூற்றாண்டுகள் தேவைப்பட்டன.

இன்று நேப்பிள்ஸில் ஒருவர் ‘எஸ்பொசித்தோ’ என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டால், எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்பெயர் அந்நகரின் பெயராகவே ஆகிவிட்டது. அந்த இயல்புநிலை அரசு தந்த கொடையன்று. அப்பெயரை மறைக்காமல் சுமந்து, உழைத்து, பிள்ளைகளுக்கு விட்டுச்சென்ற பல்லாயிரம் எளிய மனிதர்கள் ஈட்டியது. சிலரால் மட்டுமே சுமக்கப்படும் அரிய பெயர்களுக்குப் பின்னாலும் அப்படிப்பட்ட ஒருவர் இருக்கிறார். அடுத்த முறை அரிதான ஓர் இத்தாலியக் குடும்பப்பெயரின் பொருளைத் தேடுவோர், அகராதியை மூடியபின் பதிவேட்டையும் ஒருமுறை திறக்கட்டும். பெற்றோர் பெயருக்கான வெற்றிடத்தின் கீழே, அந்தக் குழந்தை சுற்றப்பட்டிருந்த துணியின் நிறம்கூட எழுதப்பட்டிருக்கும்.